பத்து மில்லி

தையல்காரிக்குப் பிறந்த பிள்ளை பிறந்த அன்று நன்றாகத்தான் இருந்தான். இரண்டு கிலோ அறுநூறு கிராம். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். இரண்டாம் நாள் காலையில் கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தட்டியது. டாக்டர் வந்து பார்த்தார். "சாதாரண விஷயம்தான். ரெண்டு மூணு நாள் நீல விளக்குல வெச்சா சரியாயிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. குழந்தைக்கு வந்த நோய் சாதாரணமானதுதான். கொண்டுபோய்ச் சேர்த்த இடம்தான் சாதாரணமானதாக இல்லை.

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருந்த பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அந்த வருஷம்தான் தரச்சான்று கிடைத்திருந்தது. அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார்கள். அதன் கீழே இன்னொரு பலகை: 'இங்கே ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு உண்டு.' தாய்மார்கள் உள்ளே போகக் கூடாது. காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தனுப்பினால், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நர்ஸ் ஊட்டிவிடுவார்.

பிரசவ அறுவையில் யாரோ வயிற்றில் போட்ட தையலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்த தையல்காரிக்கு இது புரியவில்லை.

"நானே வந்து குடுத்துட்டுப் போறேனே. ஒரு மாடிதானே, ஏறிடுவேன்" என்றாள்.

தலைமை நர்ஸ் ஒல்லியான மனுஷி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "நேரா குடுத்தா எவ்வளவு குடிச்சான்னு எப்படிம்மா எழுதறது?"

"எழுதித்தான் ஆகணுமா?"

"எழுதலைன்னா அவன் குடிக்கவே இல்லைன்னு அர்த்தம்."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. இருபது வருஷ அனுபவத்தில் சொன்னார்.

அன்று தையல்காரி அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பதினைந்து மில்லி சீம்பால் எடுத்துக் கொடுத்தாள். தலைமை நர்ஸ் அதில் பத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சிக் குழந்தையின் பாட்டிலில் விட்டார். மீதி ஐந்தைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினார்.

"ஐயோ, அது எதுக்குங்க கொட்டறீங்க?"

"இன்னிக்கு ஒரு வேளைக்கு அளவு பத்துதான். மிச்சத்தை வெச்சிருக்க ஃப்ரிட்ஜ் வேணும்."

ஃப்ரிட்ஜ் அங்கேயேதான் இருந்தது. அவருக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டி. வருகிற தாய்ப்பால் விழாவில் சிறப்பு விருந்தினர் அதைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. திறந்துவைக்காத ஃப்ரிட்ஜை எப்படித் திறப்பது?

மூன்றாம் நாள் பால் ஊறிக் கட்டியது. உடம்பு கொதித்தது, மேல்துணி நனைந்தது. ஒரே தடவையில் அறுபது மில்லி வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனவள் அவள் நாத்தனார். தையல்காரியின் புருஷன் லாரியோடு எங்கோ ஐந்து நாள் தூரத்தில் இருந்தான். அதனால் அவன் தங்கை லீவு போட்டுவிட்டு அண்ணிக்குத் துணையாக வந்திருந்தாள். பஸ் கண்டக்டர் வேலை. ஐம்பது பேர் ஏற வேண்டிய வண்டியில் நூறு பேரை ஏற்றிப் படியில் இருப்பவனையும் உள்ளே தள்ளுகிற குரல். வார்டில் எல்லாரும் அவளைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். "அண்ணி, அறுபதையும் பாத்துட்டு, பத்தை எடுத்துக்கிட்டு அம்பதைத் தொட்டில ஊத்திட்டாங்க. பிள்ளை பாட்டிலை விடமாட்டேங்கறான். காலியான ரப்பரைச் சப்பிக்கிட்டே கத்தறான். கண்ணாடியில காதை வெச்சுக் கேட்டேன்."

இருவரும் மேலே போனார்கள். சுவரில் பெரிய அட்டவணை இருந்தது. ஒரு வேளைக்கு முதல் நாள் பத்து மில்லி, இரண்டாம் நாள் இருபது, மூன்றாம் நாள் முப்பது என்று ஏறிக்கொண்டே போனது. ஓரத்தில் சிரிக்கிற குழந்தை ஒன்றின் படம். அந்தக் குழந்தை இந்த ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல என்பது பார்த்தாலே தெரிந்தது, அவ்வளவு கொழுகொழுவென்று இருந்தது.

"இதுப்படி பாத்தாலும் இன்னிக்கு முப்பது குடுக்கணுமேங்க. மூணாவது நாள் ஆச்சே" என்றாள் தையல்காரி.

தலைமை நர்ஸ் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். குழந்தையின் வயது: ஒரு நாள்.

"பிறந்து மூணு நாளாச்சு. பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இதுக்குத் தெரியலையே." நர்ஸ் திரையைத் தட்டினார். "இந்தப் பிரிவுக்கு வந்த நாள்தான் இங்க முதல் நாள். பிரசவ வார்டுல பழைய கோப்பை மூடினாத்தான் இங்க ரெண்டாவது நாள் திறக்கும். அவங்க மூடலை."

கீழே பிரசவ வார்டு எழுத்தர் மிகவும் மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார்.

"தாயும் பிள்ளையும் ஒரே கோப்புங்க. தாய் வீட்டுக்குப் போனாத்தான் மூட முடியும். நீங்க இன்னும் கட்டில்ல இருக்கீங்களே."

"அப்ப என்னை அனுப்பிடுங்க. இன்னிக்கே போயிடறேன்."

"தாராளமா. ஆனா வீட்டுக்குப் போயிட்டா நீங்க வெளியாள். உங்க பாலும் வெளிப்பால். வெளிப்பாலைப் பரிசோதனைக்கு அனுப்பணும். முடிவு வர நாலு நாள் ஆகும்."

"அந்த நாலு நாளும் பிள்ளைக்கு எதைக் குடுப்பாங்க?"

எழுத்தர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அதை மேல கேக்கணுங்க."

வெளியே வந்ததும் கண்டக்டர் பொரிந்து தள்ளினாள். "முன்னாடி ஏறுனா பின்னாடி போங்கறது, பின்னாடி ஏறுனா முன்னாடி போங்கறது. நானே கூட இப்படிப் பண்ணதில்லை அண்ணி!"

நான்காம் நாள், அட்டவணையை எழுதியவரையே போய்ப் பார்த்தார்கள். ஊட்டல் அளவு அலுவலர் என்று கதவில் போட்டிருந்தது. அறையில் குழந்தை சம்பந்தமான பொருள் ஒன்றுகூட இல்லை. ஐந்து பரிசுக் கோப்பைகளும் ஒரு கேடயமும் இருந்தன. அவர்கள் உட்கார்ந்ததும் பணியாள் டீ கொண்டுவந்து வைத்தான்.

"இது என்ன, மருந்தா? எனக்குப் பெரிய கப்புல நிறைய ஊத்துன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அலுவலர் அவனைத் திருப்பி அனுப்பினார். பிறகு தையல்காரி பக்கம் திரும்பிக் கனிவாகப் பேச ஆரம்பித்தார்.

"முன்னெல்லாம் இங்க நர்சுங்க குழந்தை முகத்தைப் பாத்து ஊட்டினாங்கம்மா. ஒண்ணுக்கு இருபது, ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு. குழந்தை இன்னும் வேணும்னு வாயைத் திறந்தா இன்னும் குடுத்தாங்க, போதும்னு திருப்பினா நிறுத்தினாங்க. என்ன ஒழுங்கு அது? குழந்தை கேக்கறதைக் குடுத்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

"அதைத்தாங்க நானும் யோசிச்சேன்" என்றாள் கண்டக்டர்.

அவர் காதில் அது விழவில்லை. "அட்டவணை வந்து ரெண்டு வருஷமாச்சு. இதுவரைக்கும் இங்க இருந்த எந்தக் குழந்தையும் எழுத்துல ஒரு புகார் குடுத்ததில்லை."

தையல்காரி அவரையே பார்த்தாள். பதினாறு வயதிலிருந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து கல்யாண உடுப்பு வரைக்கும் தைத்தவள். அளவு என்ற வார்த்தை அவளுக்குப் புதிதில்லை.

"நான் தையக்காரிங்க. உடம்பைப் பாத்துத் துணியை வெட்டுவேன். துணி பத்தலைன்னு உடம்பை வெட்டச் சொல்லுவாங்களா யாராவது?"

"அடடா, பிரமாதம்!" அலுவலர் பேனாவை எடுத்தார். "உடம்பைப் பாத்து... துணியை... இதை எங்க விழா மலர்ல போட்டுக்கலாமா?"

எழுதி முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். வயது முரண்பாட்டு விண்ணப்பம். பிறப்புச் சான்றிதழை இணைக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் குழந்தை வீட்டுக்குப் போகும் அன்றுதான் கிடைக்கும்.

"அது இல்லைன்னாலும் பரவாயில்லை. பிரசவத்தை நேர்ல பாத்த ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டாப் போதும்."

"பிரசவம் பாத்த டாக்டர் லீவுல போயிருக்காங்க. நான் போடறேன். நான் அங்கதானே இருந்தேன்" என்றாள் தையல்காரி.

"நீங்க போடக் கூடாதும்மா. நீங்க சம்பந்தப்பட்டவங்க."

பணியாள் பெரிய கப்பில் டீ கொண்டுவந்தான். விளிம்பு வரை நிறைந்திருந்தது. அலுவலர் குனிந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இப்பத்தான் உயிரே வந்துது" என்றார்.

ஐந்தாம் நாள் காலை கண்ணாடிக்கு வெளியே நின்றபோது, குழந்தையை எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிலோ இருநூற்றைம்பது. தலைமை நர்ஸ் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். திரையில் வந்த எண்ணைப் பார்த்தார். பிறகு வெளியே வந்தார்.

"இன்னிக்கு ஒன்பது மில்லி" என்றார் மெதுவாக.

"என்னது?"

"எடைக்கு ஏத்த மாதிரி அளவை அதுவே போட்டுக்கும். எடை குறைஞ்சிடுச்சு. அதனால அளவும் குறைஞ்சிடுச்சு."

"பால் பத்தாமத்தானேங்க எடை குறைஞ்சுது!"

 அந்த நேரம் பார்த்து ரவுண்ட்ஸ் டாக்டர் வந்தார். அறுபது தொட்டில், ஒரே டாக்டர். திரையைப் பார்த்தார். "வயசு ஒரு நாள்தானே? முதல் நாள்ல கொஞ்சம் எடை இறங்கும்மா. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தொட்டிலின் திரைக்குப் போனார். தொட்டிலுக்குள் அவர் பார்க்கவில்லை.

தையல்காரி பார்த்தாள். நேற்று வரைக்கும் கண்ணாடியைத் தாண்டிக் கேட்ட அழுகை இன்று இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. உதடு காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. நீல விளக்கின் கீழே கிடந்த அந்த உடம்பு, ஆள் இல்லாத சட்டை மாதிரி தொளதொளவென்று இருந்தது.

"ஏன் அழலை?"

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினார். அதில் எழுதியிருந்ததைப் படிக்கும்போது அவர் குரல் அவருக்கே பிடிக்காதது போல இறங்கியது. "குழந்தை அமைதி."

"ஈரம் பண்ணானா?"

"காலையில மாத்தின துணி அப்படியே இருக்கு."

தையல்காரி கையில் இருந்த பாட்டிலை நீட்டினாள். இன்னும் சூடு ஆறாத எழுபது மில்லி. "அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். இதைக் குடுங்க. நீங்க ஒன்பதுன்னே எழுதிக்கோங்க."

நர்ஸின் கண் ஒருமுறை மேலே போனது. கூரையில் கேமரா இருந்தது. "எனக்கு முன்னாடி இருந்தவ பதினஞ்சு குடுத்தா. இப்பக் கீழ்த்தளக் கிடங்குல போர்வை எண்ணிக்கிட்டிருக்கா. எனக்கும் ரெண்டு பிள்ளைங்கம்மா."

ஒன்பது மில்லியை எடுத்துக்கொண்டார். மீதியைத் தொட்டியில் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பால் வழுக்கிக்கொண்டு ஓட்டைக்குள் போகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

அன்று மத்தியானம் தையல்காரியின் கட்டிலைத் தேடி ஒரு கடிதம் வந்தது. பால் பெறுதல் பதிவேட்டின்படி, அந்தப் பிரிவுக்கு மிக அதிகமாக, அதாவது நான்கு நாளில் ஆயிரத்து நானூறு மில்லி கொடுத்தவள் என்ற வகையில் அவள் 'முன்மாதிரித் தாய்' ஆகத் தேர்வாகியிருக்கிறாள். நாளைக் காலை விழா மேடையில் பாராட்டுச் சான்றிதழ். நல்ல உடுப்பில் வரவும்.

கண்டக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கடிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கப் போனாள்.

"கிழிக்காத" என்றாள் தையல்காரி. "மேடையில மைக் இருக்கும்ல?"

விழா தரைத்தள அரங்கில் நடந்தது. நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். மேலேயிருந்து ஃப்ரிட்ஜை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் வெள்ளித் தட்டு ஒன்றில், கழுத்தில் ரிப்பன் கட்டிய பால் பாட்டில். அது தையல்காரியுடையது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஆள் விட்டு வாங்கிப் போனார்கள், ஃப்ரிட்ஜில் முதலில் வைக்க.

ஆஸ்பத்திரி இயக்குநர் முழங்கினார்.

"தாய்ப்பாலைப் போல ஒரு அமுதம் இந்த உலகத்துல இல்லை! அதனாலதான் அதை நாங்க ரொம்பச் சிக்கனமா செலவு பண்றோம். நம்ம பச்சிளங்குழந்தைப் பிரிவுல குழந்தைகள் அழுகிற நேரம் போன வருஷத்தைவிட நாப்பது சதவீதம் குறைஞ்சிருக்கு." கைதட்டல். "நான் இந்த மேடையில வாக்குக் குடுக்கறேன். இன்னும் அஞ்சு வருஷத்துல, அழுகைச் சத்தமே கேக்காத ஒரு பிரிவா அதை மாத்திக் காட்டுவோம்!"

பெரிய கைதட்டல். சிறப்பு விருந்தினர் உயர்ந்த பதவியில் இருப்பவர். அவரும் தலையை ஆட்டித் தட்டினார்.

தையல்காரியைக் கூப்பிட்டார்கள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு மேடை ஏறினாள். சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நன்றி சொல்லி இரண்டு வார்த்தை பேசும்படி அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார்.

"ஆயிரத்து நானூறு மில்லி குடுத்தேன்னு இதுல போட்டிருக்கு" என்றாள். அவள் குரல் அரங்கில் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "என் பிள்ளை வயித்துக்குள்ள எவ்வளவு போச்சுன்னு போடலை. முந்நூறுதாங்க. மிச்சம் ஆயிரத்து நூறும் மேல கை கழுவற தொட்டி குடிச்சுது. தொட்டி நல்லா இருக்குங்க. பிள்ளைதான் செத்துக்கிட்டிருக்கான். பிறந்து ஆறு நாளாச்சு. முதல் நாளுன்னு சொல்லிச் சொல்லியே அவனை..."

மைக் நின்றுவிட்டது. "தாய்மையின் உணர்ச்சிப் பெருக்கு" என்று அறிவிப்பாளர் தன் சொந்தக் குரலில் கத்தினார். முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். நிகழ்ச்சி தடைப்படக் கூடாது என்று யாரோ சாடை காட்ட, விருந்தினர் கத்தரிக்கோலால் ஃப்ரிட்ஜ் ரிப்பனை வெட்டி, தட்டிலிருந்த பாட்டிலை எடுத்து, கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடி உயர்த்திப் பிடித்தார்.

தையல்காரி அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

அவரும் விட்டுவிட்டார். நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்திருப்பார். அவள் மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே பாதி தூரம் போன பிறகுதான் இயக்குநருக்கு உறைத்தது. அதற்குள் கண்டக்டர் முன்னால் போய்விட்டாள். "வழி விடுங்க, வழி விடுங்க! நிக்காதீங்க, ரெண்டு பக்கமும் ஒதுங்குங்க!" அந்தக் குரலுக்கு ஒதுங்காத கூட்டத்தை அவள் இன்னும் பார்த்ததில்லை.

விருந்தினர் பார்வையிடுவதற்காக மூன்றாவது மாடிக் கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். காவலாளி கையை நீட்டி, "பாஸ்?" என்றான். "பின்னாடி வர்றவங்க எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் அண்ணியை உள்ளே தள்ளினாள்.

தலைமை நர்ஸ் எழுந்து நின்றார். தையல்காரியின் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். படிக்கட்டில் ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அவர் நடந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். பிறகு நீல விளக்கை அணைத்து, குழந்தையைத் தூக்கித் தாயின் மடியில் வைத்தார்.

"மெதுவா. தலையைத் தூக்கிப் பிடிங்க. ஒரேயடியா விடாதீங்க, புரையேறும்."

குழந்தை வாயைத் திறக்கவில்லை. ரப்பர் முனையை உதட்டில் வைத்தாள். அசையவில்லை. ஒரு சொட்டுப் பிழிந்து உதட்டில் தடவினாள். அது ஓரமாக வழிந்து கழுத்துக்குப் போனது. நர்ஸ் குனிந்து அவன் உள்ளங்காலைச் சுண்டினார். இன்னொரு சொட்டு. "டேய்... டேய் கண்ணு... அம்மாடா" என்றாள் தையல்காரி. மூன்றாவது சொட்டுக்கு நாக்கு வெளியே வந்தது. சின்னதாக, பூனை நக்குகிற மாதிரி. அப்புறம் உதடு முனையைப் பற்றியது. ஒரு இழுப்பு. நிறுத்தினான். இன்னொரு இழுப்பு.

"நிறுத்துங்க. தோள்ல போட்டுத் தட்டுங்க. மூச்சு வாங்கட்டும். இப்பக் குடுங்க" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கண்ணாடிக்கு வெளியே இயக்குநர், அலுவலர், விருந்தினர், கேமராக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். அலுவலர் கண்ணாடியைத் தட்டி, விரலை மடக்கி மடக்கிக் காட்டி எத்தனை மில்லி என்று கேட்டார். யாரும் திரும்பவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் குழந்தை நாக்கால் ரப்பரை வெளியே தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தையல்காரியின் மடி சூடாக நனைந்தது. அவள் அப்போதுதான் அழுதாள். நாலு நாளாக அடக்கியதையெல்லாம் சேர்த்து, வாய் விட்டு, அந்தப் பிரிவின் புள்ளிவிவரம் கெடும்படி அழுதாள்.

கேமராக்கள் இருந்ததால் டாக்டர் உடனே வந்தார். இந்தத் தடவை குழந்தையைப் பார்த்தார். பார்த்ததும் அவர் நிறம் மாறியது. ரத்தம் எடுத்தார்கள், கையில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள். இரண்டு நாளில் பிள்ளையைத் தாயின் பக்கத்திலேயே விட்டார்கள். ஒன்பதாம் நாள் லாரியோடு வந்து சேர்ந்த அப்பன், பிள்ளையையும் பெண்டாட்டியையும் தங்கையையும் வீட்டுக்குக் கூட்டிப்போனான். தலைமை நர்ஸைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லித் தபால் வந்தது. குழந்தை ஏன் பட்டினி கிடந்தது என்ற விசாரணை அல்ல அது. 'சிறப்பு விருந்தினர் வசமிருந்த பால் பாட்டில், உரிய ஒப்புதலின்றி அரங்கை விட்டு வெளியேறியது குறித்து.' தையல்காரி வராவிட்டால், தலைமை நர்ஸைப் பற்றிக் குழு தானே முடிவெடுக்கும் என்றும் இருந்தது. அதற்காகத்தான் போனாள். பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு, கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு.

நீளமான மேசை. அந்தப் பக்கம் ஏழு பேர். நடுவில் இயக்குநர், பக்கத்தில் அலுவலர். மூலையில் தனி நாற்காலியில் தலைமை நர்ஸ்.

"எல்லாம் சுமுகமா முடிக்கத்தான் ஆசைப்படறோம்மா" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "கோப்புல எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு கட்டம்தான் இடிக்குது. அன்னிக்குக் குழந்தை குடிச்ச அளவு."

அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு அவனுக்கு உரிய அளவு ஒன்பது. ஒன்பதுதான் குடிச்சான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா விதி மீறவே இல்லைன்னு ஆயிடும். நர்சம்மா மேல போயிடலாம். உங்களுக்கும் தொல்லை இல்லை. யாருக்கு என்ன நஷ்டம்?"

"இப்ப மேல இருக்கற பிள்ளைங்களுக்கு எவ்வளவு குடுக்கறீங்க?" என்று கேட்டாள் தையல்காரி.

"அட்டவணைப்படிதான்."

தையல்காரி வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து குரல் வந்தது. "நாப்பத்தெட்டு மில்லி."

எல்லாரும் திரும்பினார்கள். தலைமை நர்ஸ் எழுந்து நின்றிருந்தார். கண்ணாடியைக் கயிற்றோடு கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"நான்தான் பதிவேட்டுல எழுதினேன். காலையில பதினொண்ணு இருபது. நாப்பத்தெட்டு. பிள்ளை கேட்டுது, குடுத்தோம். அதுக்கு முன்னாடி நாலு நாள் கேட்டப்பக் குடுக்கலை, அதையும் எழுதியிருக்கேன். நீங்க அந்தப் பக்கத்தைப் படிக்கலை." அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "என் இடத்துக்கு நீங்க போட்ட பொண்ணும் இப்ப முப்பது நாப்பதுன்னு குடுத்துட்டுப் பத்துன்னு எழுதறா. அடுத்த ஷிஃப்ட்காரியும் அப்படித்தான். எத்தனை பேரைக் கீழ அனுப்புவீங்க? அவ்வளவு போர்வை கிடங்குல இல்லீங்க."

 அலுவலர் தன் அட்டவணையைக் கையால் தேய்த்து நேராக்கிக்கொண்டிருந்தார். அப்போது பிள்ளை விழித்துக்கொண்டான். முதலில் முனகினான். பிறகு முகமெல்லாம் சிவக்க, மேசை மேல் இருந்த கண்ணாடி டம்ளர்கள் அதிர்கிற மாதிரி அழ ஆரம்பித்தான்.

"கொஞ்சம் வெளிய கொண்டுபோய்..." என்றார் இயக்குநர்.

தையல்காரி நாற்காலியை மேசைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேல்துணியை விலக்கிப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது. விழுங்குகிற சத்தம் மட்டும் அந்தப் பெரிய அறையில் கேட்டது.

ஏழு பேரும் ஏழு பக்கம் பார்த்தார்கள். இயக்குநர் கோப்பை மூடிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். "இன்னிக்கு இது போதும். கூட்டத்தை ஒத்திவெச்சிடலாம்."

கதவில் கண்டக்டர் சாய்ந்து நின்றிருந்தாள். நகரவில்லை.

"அவர் சொல்லக் கூடாதுங்க போதும்னு" என்றாள் தையல்காரி. தலையை நிமிர்த்தவே இல்லை. "உக்காருங்க. பிள்ளை குடிச்சுக்கிட்டிருக்கான்."

உட்கார்ந்தார்கள்.